ஏரியை மறைத்த காலண்டர்

தீபாவளி முடிந்ததும் சிவகாசியில் பாதி ஊர் படுத்துத் தூங்கும், மீதி ஊருக்குத் தூக்கமே இருக்காது. பட்டாசுக் கம்பெனிகள் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி திறக்க நல்ல நாள் பார்க்கும். அச்சகங்களிலோ அப்போதுதான் காலண்டர் சீசன் கழுத்தைப் பிடிக்கும்.

சொர்ணலட்சுமி தூங்காத பாதியைச் சேர்ந்தவள். விஸ்வநத்தம் போகிற சாலையில், ஒரு லாரி செட்டை அடுத்து இருந்தது அவளுடைய அச்சகம். அப்பா தொடங்கியது. அவருக்குப் பிறகு அவள்தான் நடத்துகிறாள். கணவன் மணிகண்டராஜ் பட்டாசு ஏஜென்சி வைத்திருந்தான். அவள் தொழிலில் அவன் தலையிடுவதில்லை, காலையில் பேப்பர் வந்தால் மட்டும் சண்டை வரும். அவள் முதலில் உலகச் செய்திப் பக்கத்தை உருவிக்கொள்வாள். எந்த நாட்டில் எந்த மந்திரி ராஜினாமா செய்தார், எந்த இரண்டு நாடுகள் கைகுலுக்கின என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. "உனக்கு எதுக்கு இதெல்லாம்? நீ என்ன ஐ.நா. சபைக்கா போகப் போற?" என்பான் மணிகண்டராஜ். தெரிந்துகொள்வதில் என்ன தப்பு என்பாள் அவள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் போன் வந்தது.

"சொர்ணலட்சுமி அக்காவா? டெல்லியில இருந்து பேசுறேன். வெளியுறவுத் துறை. பேரு முத்துக்கிருஷ்ணன். சொந்த ஊரு நம்ம பக்கம் மல்லாங்கிணறு."

சொன்னதில் மல்லாங்கிணற்றை மட்டும்தான் அவள் உடனே நம்பினாள். பேச்சு அப்படி இருந்தது. மற்றதை நம்ப, துறையிலிருந்து மின்னஞ்சல் வர வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு நாடுகள். நடுவில் ஒரு பெரிய ஏரி. அந்த ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்து இரண்டு கரையில் இருக்கும் ஊர்களுக்கும் குழாயில் கொடுக்க இந்தியா கடன் கொடுத்து, ஆள் அனுப்பி, திட்டம் முடிந்துவிட்டது. ஜனவரியில் திறப்பு விழா. விழா ஞாபகமாக இரண்டு நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆபீசுகளுக்கும் இந்தியா ஏதாவது பரிசு கொடுக்க வேண்டும். மேலதிகாரிகள் பேனா கொடுக்கலாம் என்றிருக்கிறார்கள். முத்துக்கிருஷ்ணன்தான் தேதி கிழிக்கிற காலண்டர் என்று எழுதிக் கொடுத்தான்.

"பேனா ஒரு மாசத்துல தொலைஞ்சுரும்க்கா. காலண்டர் வருசம் பூராவும் செவுத்துல தொங்கும். அவங்க ஊர்ல தெனம் கிழிக்கிற காலண்டரே கிடையாது. நம்ம ஊர்ச் சாமானு ஒண்ணு அங்கன போகட்டுமே."

"நாங்க செய்றோம் தம்பி," என்றாள் சொர்ணலட்சுமி. எத்தனை வேலை கையில் கிடக்கிறது என்று யோசிக்கவே இல்லை.

நாடுகளின் பெயர்கள் வாயில் நுழைய மறுத்ததால் அச்சகத்தில் ஒன்றைக் கிழக்கூர் என்றும் மற்றதை மேக்கூர் என்றும் சொல்ல ஆரம்பித்தார்கள். தொடங்கி வைத்தது மெஷின் ஓட்டும் கருத்தப்பாண்டி. கொஞ்ச நாளில் முத்துக்கிருஷ்ணனும் போனில் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டான்.

கம்ப்யூட்டரில் வடிவமைப்பு செய்யும் எழில் அட்டைக்கான படத்தைப் போட்டான். நடுவில் ஏரி, இரு பக்கமும் நாடுகள், இரண்டு கரையிலும் தண்ணீர் நிலையங்கள், குழாயடியில் குடத்தோடு சிரிக்கும் பெண்கள். கீழே தேதித்தாள் கட்டு. பார்க்க நன்றாகவே இருந்தது. டெல்லிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இரண்டு தூதரகங்களுக்கும் போனது.

மறுநாளே முத்துக்கிருஷ்ணன் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, ஏரிக்கு நடுவுல ஒரு கோடு போட்டிருக்கீகளா?"

"ஆமா. நெட்டுல இருக்கிற படத்துல அப்படித்தான இருக்கு."

"அதான் வினை. ஏரி பூராவும் எங்களுதுங்கிறாக மேக்கூர்க்காரங்க. எல்லை கிழக்குக் கரையில இருக்காம். கிழக்கூர்க்காரங்க அதையே மாத்தி, எல்லை மேக்குக் கரையிலங்கிறாக."

"நம்ம அரசாங்கம் என்ன சொல்லுது?"

"ரெண்டு பேரும் நமக்குச் சிநேகம்னு சொல்லுது. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாது."

கோட்டை எடுத்தார்கள். அடுத்து ஏரியின் பெயர் வந்தது. இரண்டு நாடும் இரண்டு பெயர் வைத்திருந்தன. எது மேலே, எது கீழே? பெயரையும் எடுத்தார்கள். அடுத்து ஏரிக்கு நடுவில் இருந்த சின்னத் தீவு. அதில் மனிதர்கள் யாரும் இல்லை, ஆடுகள்தான் மேய்ந்தன. எழில் அதற்குப் பச்சை அடித்திருந்தான். மேக்கூர்க் கொடியில் பச்சை இருக்கிறது என்றது கிழக்கூர். மஞ்சளாக்கினான். கிழக்கூர்க் கொடியில் மஞ்சள் இருக்கிறது என்றது மேக்கூர்.

"தீவையே தூக்கிருவோம்க்கா," என்றான் எழில். தூக்கினார்கள்.

அன்று மாலை முத்துக்கிருஷ்ணன் பேசியபோது அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. "ரெண்டு தூதரகமும் சேர்ந்து கண்டனம் சொல்லியிருக்காகக்கா. எங்க தீவை எப்படி எடுக்கலாம்னு. இந்த இருபது வருசத்துல அவங்க சேர்ந்து சொன்ன முதல் விசயம் இதுதானாம்."

"அப்ப ஒத்துமை வந்துருச்சுல்ல."

"நம்ம மேல கோவப்படுறதுல வந்திருக்கு."

அதற்குப் பிறகு அவன் சொன்னது அவள் சிரிப்பை நிறுத்தியது. மேலதிகாரி கோபமாக இருக்கிறார். பரிசு கொடுக்கப் போய்ப் பகையை வாங்கக் கூடாது, பேசாமல் பேனாவே கொடுத்துவிடலாம் என்கிறார். ஒரே ஒரு வாய்ப்பு வாங்கியிருக்கிறான். இரு தூதரகத்திலிருந்தும் தலா ஒருவர் திங்கட்கிழமை சிவகாசிக்கு வருவார்கள். அட்டையைப் பார்த்து இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் காலண்டர். இல்லாவிட்டால் பேனா.

போனை வைத்துவிட்டு சொர்ணலட்சுமி பைண்டிங் பகுதிக்குப் போனாள். அந்த இரண்டு நாட்டு மொழிகளில் அச்சான தேதித்தாள்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றை இங்கே யாருக்கும் விற்க முடியாது. பைண்டிங்கைக் கவனிக்கும் சண்முகத்தாய், கட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என்னம்மா, அவங்க தகராறு தீந்துச்சா?"

"இல்ல சண்முகத்தாய்."

"எனக்கென்னமோ கிழக்கூர் பக்கந்தான் நியாயம் இருக்கிற மாதிரி தெரியுது."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று மெஷின் பக்கமிருந்தே கேட்டான் கருத்தப்பாண்டி. "மேக்கூர்க்காரன் பாவம். அவன் பக்கம் மழையே கிடையாதாம். எழில்தான் சொன்னான்."

இரண்டு பேரும் நாலு நாளாக டீ நேரத்தில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எழில் கூகுளில் பார்த்து இரண்டு பேருக்கும் விஷயம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மற்ற நேரமாக இருந்தால் சொர்ணலட்சுமியும் உட்கார்ந்து கேட்டிருப்பாள். அன்று மனம் சரியில்லை. உலகச் செய்தியைப் படிப்பது வேறு, அதற்குள் மாட்டிக்கொள்வது வேறு என்று தோன்றியது.

சனிக்கிழமை தாயில்பட்டியிலிருந்து முனியராஜ் வந்தான். ஜவுளிக்கடை வைத்திருப்பவன். கையில் அவன் கடைக்கு அச்சடித்துக் கொடுத்த காலண்டர். மேசைமேல் போட்டான்.

"பாருங்கக்கா. தேதிக்கட்டை எங்கன வச்சு அடிச்சிருக்கீகன்னு பாருங்க. என் கடை போன் நம்பரு அதுக்கடியில போயிருச்சு."

அவள் பார்த்தாள். உண்மைதான். கட்டு கொஞ்சம் இறங்கியிருந்தது. "தாளைத் தூக்கினா தெரியுது, தம்பி," என்றாள் சும்மா ஒரு சமாதானத்துக்கு.

"எவன்க்கா தூக்கிப் பாப்பான்? தேதியைப் பாப்பான், கிழிப்பான், போயிருவான். கட்டுக்கு அடியில இருக்கிறது வருசம் பூராவும் இல்லாத மாதிரிதான்."

சொர்ணலட்சுமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, "உனக்குப் புதுசா அடிச்சுத் தாரேன். டீ சாப்பிட்டுட்டுப் போ," என்று சொல்லிவிட்டு எழிலிடம் ஓடினாள். சண்டை போடத் தயாராக வந்த முனியராஜ், வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் புரியாமல் போனான்.

காலண்டர் தொழிலில் அவள் வாழ்நாள் முழுக்கப் போட்ட சண்டை ஒன்றுதான்: தேதிக்கட்டு எதையும் மறைக்கக் கூடாது. சாமி காலை மறைக்கக் கூடாது, கடைப் பெயரை மறைக்கக் கூடாது. இப்போது முதல் தடவையாக மறைக்க வேண்டிய ஒன்று கிடைத்திருக்கிறது.

"படத்தைக் கீழ இறக்கு எழில். ஏரி சரியாத் தேதிக்கட்டுக்கு அடியில வரணும். ரெண்டு கரையும், தண்ணி நிலையமும், ஊரும் வெளிய தெரியணும்."

எழில் படத்தை இழுத்தான், சுருக்கினான், மறுபடி இழுத்தான். ஏரி நீளவாக்கில் இருந்தது நல்லதாகப் போயிற்று. கோடு, பெயர், தீவு என்ற வம்பெல்லாம் கட்டுக்கு அடியில் போய்விட்டது. வலது பக்கம் கிழக்கூர், இடது பக்கம் மேக்கூர், நடுவில் ஜனவரி ஒன்று.

திங்கட்கிழமை மதியம் விருந்தினர்கள் வந்து சேர்ந்தார்கள். கிழக்கூர்த் தூதரகத்திலிருந்து அமீனா என்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். மேக்கூரிலிருந்து ஜோசுவா, கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். தனித்தனிக் காரில் வந்தார்கள். முத்துக்கிருஷ்ணன் மதுரை விமான நிலையத்திலிருந்து விருதுநகர் வரை ஒரு காரிலும், அங்கே எண்ணெய் பரோட்டா சாப்பிட்டுவிட்டு அடுத்த காரில் மாறியும் வந்திருந்தான். "யார் கூடவும் அதிக நேரம் உக்காந்தேன்னு வரக் கூடாதுல்லக்கா," என்றான் காதோடு. ஆள் அவள் நினைத்ததைவிட இளைஞன். சட்டையில் பரோட்டா எண்ணெய் தெறித்திருந்தது.

மேசைமேல் அட்டையை வைத்தாள் சொர்ணலட்சுமி. மெஷின்கள் நின்றிருந்தன. கருத்தப்பாண்டியும் சண்முகத்தாயும் வாசற்படியில் நின்று பார்த்தார்கள்.

அமீனா நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"புத்திசாலித்தனமா இருக்குங்கிறாக," என்றான் முத்துக்கிருஷ்ணன்.

ஜோசுவா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். குனிந்தார். ஒரு விரலால் தேதிக்கட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். சொர்ணலட்சுமிக்கு முனியராஜ் சொன்னது நினைவுக்கு வந்தது. உலகத்தில் கட்டைத் தூக்கிப் பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், அவரே வந்து சேர்ந்திருக்கிறார்.

"வருடக் கடைசியில் எல்லாத் தாளையும் கிழித்த பிறகு?" என்று கேட்டார் அவர்.

எல்லாத் தாளையும் கிழித்தால் ஏரி வெளியே வரும். ஏரி வந்தால் கோடு எங்கே, தீவு யாருடையது என்ற பேச்சு வரும்.

"அடியில வெள்ளையா விட்டுருவோம்," என்றான் எழில். முத்துக்கிருஷ்ணன் மொழிபெயர்த்தான். அமீனா தலையை ஆட்டி மறுத்தார். வெள்ளையாக விட்டால் ஏரி வற்றிப்போன மாதிரி இருக்கும், கரையில் இருக்கிற ஜனங்கள் அதைக் கெட்ட சகுனமாக நினைப்பார்கள் என்றார்.

"நம்ம கம்பெனி பேரையும் போன் நம்பரையும் போட்டுருவோம்மா," என்றான் வாசற்படியிலிருந்து கருத்தப்பாண்டி.

முத்துக்கிருஷ்ணன் பதறிவிட்டான். "அண்ணே, சும்மா இருங்க. ஏரியை இந்தியா எடுத்துக்கிட்டதுன்னு ஆயிரும்."

வாசற்படியில் நிற்பவர் என்ன சொன்னார் என்று அமீனா கேட்டார். அவன் மழுப்பப் பார்த்தான், அவர் விடவில்லை. வேறு வழியில்லாமல் சொன்னான். அமீனா முதலில் சிரித்தார், பிறகு ஜோசுவாவும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

அந்த இடைவெளியில் சொர்ணலட்சுமி டீ கொண்டுவரச் சொன்னாள். கூடவே காராச்சேவு வந்தது. ஜோசுவா ஒரு கை எடுத்துக் கொறித்துவிட்டு, இதோடு தங்கள் ஊர்ப் பொடிக்கருவாடு இருந்தால் எப்படி இருக்கும் தெரியுமா என்று முத்துக்கிருஷ்ணனிடம் சொன்னார். ஏரியில் பிடிப்பது, விரல் நீளம்தான் இருக்கும் என்று அதன் பெயரையும் சொன்னார். அமீனா சட்டென்று திரும்பினார். அவர் ஊரிலும் அதற்கு அதே பெயர். ஏரிக்கு இரண்டு பெயர் வைத்தவர்கள் அந்த மீனுக்கு ஒரே பெயர்தான் வைத்திருந்தார்கள்.

உடனே வாக்குவாதம் தொடங்கியது. இரு கரைக்கும் பொதுவான ஏதோ ஒரு மொழியில் இருவரும் வேகமாகப் பேசினார்கள். முத்துக்கிருஷ்ணனுக்கு முகம் வெளுத்தது. "என்ன சொல்றாகன்னு தெரியலையேக்கா. அந்த மொழி எனக்கு வராது."

ஆனால் அமீனா கையால் எதையோ எண்ணெயில் புரட்டுவது போலக் காட்டினார். ஜோசுவா பலமாகத் தலையாட்டி மறுத்து, கரண்டியால் கிண்டுவது போலக் காட்டினார். சண்முகத்தாய்க்குப் புரிந்துவிட்டது. "பொரிக்கிறதா, கொழம்பு வைக்கிறதான்னு சண்டைம்மா," என்றாள்.

சொர்ணலட்சுமி முத்துக்கிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்த மீனு யாருதுன்னு கேளுங்க."

"வேணாம்க்கா. வம்பு."

"கேளுங்க. நாங் கேட்டதாச் சொல்லுங்க."

அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். ஜோசுவா அமீனாவைப் பார்த்தார். அமீனா தோளைக் குலுக்கினார். "பிடித்தவருடையது," என்றார். ஜோசுவா மறுக்கவில்லை.

"அப்ப அதைப் போடுவோம்," என்றாள் சொர்ணலட்சுமி. "தாளெல்லாம் தீந்த பெறகு அடியில அந்த மீனு இருக்கட்டும். நல்லாப் பெருசா, ஏரி அளவுக்கு."

ஜோசுவா தன் போனில் மீன் படம் தேடினார். அது நல்ல படம் இல்லையென்று அமீனா தன் போனை எடுத்தார். எழிலின் கம்ப்யூட்டருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வால் இவ்வளவு அகலம் இல்லை என்றார் ஒருவர். வெயிலில் முதுகு கொஞ்சம் நீலமாக மின்னும் என்றார் மற்றவர். எழில் இருவருக்கும் தலையாட்டி வரைந்துகொண்டே இருந்தான். அவர்கள் எழுந்து வரும்போது எல்லோருக்கும் நல்ல பசி. கையெழுத்து எப்போது போட்டார்கள் என்பதைக்கூட சொர்ணலட்சுமி சரியாகக் கவனிக்கவில்லை. சாப்பாட்டுக்கு யார் வீட்டில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவள் வீட்டிலேயே சாப்பிட்டார்கள். மணிகண்டராஜ் விருந்தினர்களுக்குப் பரிமாறினான். இரண்டு நாட்டு அரசியலையும் பற்றி மனைவி கேள்விமேல் கேள்வி கேட்பதையும், அமீனா ஆச்சரியத்தோடு பதில் சொல்வதையும் பார்த்துக்கொண்டு நின்றான். தங்கள் பழைய நிதி மந்திரி ஏன் ராஜினாமா செய்தார் என்று ஜோசுவாவுக்கே அவள்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மணிகண்டராஜ் பேப்பருக்காகச் சண்டை போட்டதில்லை.

லோடு தூத்துக்குடி போய்க் கப்பலேறியது. விழா நடந்தது. குழாயில் தண்ணீர் வந்த படத்தை முத்துக்கிருஷ்ணன் அனுப்பினான். படத்தின் மூலையில், ஒரு பள்ளிக்கூடச் சுவரில், காலண்டர் தொங்கியது. சொர்ணலட்சுமி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். தேதி சரியாகக் கிழிக்கப்பட்டிருந்தது. அவளுக்கு அது போதும்.

அடுத்த ஆவணியில் அவன் மறுபடி கூப்பிட்டான்.

"அக்கா, ரெண்டு நாட்டுக்கும் பேச்சுவார்த்தை நடந்துச்சு. நம்ம டெல்லியிலதான். அந்தம்மாவும் அந்த சாரும் குழுவுல இருந்தாக."

"எல்லை முடிஞ்சுச்சா?"

"அதெல்லாம் முடியல. இப்போதைக்கு முடியவும் முடியாது. ஆனா மீன் பிடிக்கிறதுக்கு ஒப்பந்தம் போட்டிருக்காக. ஒரு நாள் இந்தக் கரைப் படகு போகும், மறுநாள் அந்தக் கரைப் படகு. ஞாயித்துக்கிழமை யாரும் போகக் கூடாது. இப்ப அவங்களுக்கு இன்னொரு காலண்டர் வேணுமாம். தேதித்தாள்ல நாம ராகு காலம் போடுவமில்ல, அந்த எடத்துல அன்னைக்கு யாரு முறைன்னு அச்சடிக்கணும். இல்லாட்டி கரையில இருக்கவுகளுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு கரையிலயும் ஒரே தாள் தொங்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்காகக்கா."

தான் அடிக்கிற தாளை ஒரு ஒப்பந்தத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பது சொர்ணலட்சுமிக்கு மனதில் இறங்க நேரமாயிற்று. "ஆடிப்பெருக்குக்கே காலண்டர் மாதிரிங்க ஆல்பம் போட்டாச்சு தம்பி, ஆர்டர் நெறைய இருக்கு," என்று தேவையில்லாமல் எதையோ சொன்னாள். "ஆனா இதைத்தான் மொதல்ல ஓட்டுவோம்."

வேலை தொடங்கியது. எழில் கம்ப்யூட்டரில் நாட்களை ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்தான். ஞாயிறுகளைக் கழித்தான். மறுபடி எண்ணினான். பிறகு எழுந்து வந்தான்.

"அக்கா, ஒரு நாள் மிஞ்சுது. ஒத்தைப்படையா வருது. யாருக்கோ ஒரு நாள் கூடப் போகும்."

சண்முகத்தாய் வாயைத் திறந்தாள். கருத்தப்பாண்டியும் திறந்தான். சொர்ணலட்சுமி கையைக் காட்டி இருவரையும் நிறுத்திவிட்டு டெல்லிக்குப் போன் போட்டாள். முத்துக்கிருஷ்ணன் கேட்டுவிட்டு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். தூதரகங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அவள் ஒரு வாரம் ஆகும் என்று நினைத்தாள்.

மறுநாள் மதியமே பதில் வந்துவிட்டது. மிஞ்சுகிற நாளை ஜூன் மாத நடுவில், மீன் அதிகம் ஓடும் காலத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அன்று இரு கரைப் படகுகளும் சேர்ந்து போகும்.

"அன்னைக்குத் தாள்ல யாரு பேரைப் போட?" என்று கேட்டான் எழில்.

"ரெண்டு பேரையும் போடு."

"எதை மேல போட?"

சொர்ணலட்சுமி யோசித்தாள். "பக்கத்துல பக்கத்துல போடு. ஒரே வரியில," என்றாள்.

வரி கொஞ்சம் நீளமாகி ஓரத்தை இடித்தது. எழில் எழுத்தைச் சிறிதாக்கினான். பொருந்திவிட்டது. கருத்தப்பாண்டி பிளேட்டை வாங்கிக்கொண்டு போய் மெஷினில் மாட்டினான். முதல் தாள் வெளியே வந்ததும் ஈரம் காயும் முன்னே அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சண்முகத்தாயிடம் நீட்டினான்.